லோகோ வரிசையை நம்பி டூல் எடுக்காதீர்கள்: பல டேட்டாபேஸில் ஓட வேண்டிய மென்பொருளுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சின்ன அளவில் மென்பொருள் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரே மாதிரி வாடிக்கையாளர் அமைவதில்லை. மாங்கூழ் ஆலையில் எடைமேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு விண்டோஸ் கணினி, அதில் தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸாக எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் கொடுத்திருப்பது ஆரக்கிள். "எங்க டேபிள்லதான் எழுதணும்" என்பார்கள். பென்னாகரம் பக்கத்துப் பால் சேகரிப்பு மையத்தில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட், அதற்குள் எஸ்க்யூலைட். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வாடகை லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரஸ் போதும். சரக்கு வருவது, எடை போடுவது, பில் போடுவது, பாக்கி பார்ப்பது என வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் புரோகிராமையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள ஆசை வரும்.

அந்த ஆசைக்குத் தீனி போடுகிற மாதிரி ஒவ்வொரு டூலின் முகப்பிலும் பத்துப் பதினைந்து டேட்டாபேஸ் லோகோக்கள் வரிசையாக நிற்கும். இணைப்பு கிடைக்கும் என்பதற்கு மேல் அந்த வரிசைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஒரே கேள்விக்கு எல்லா டேட்டாபேஸும் ஒரே பதில் தருமா என்பது வேறு விஷயம். டூல் தேர்வில் நேரம் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.

முதலில் டூல்களை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் மேஜையில் மட்டும் இருப்பவை ஒரு குவியல்: க்வெரி (எஸ்க்யூஎல் மொழியில் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதிப் பார்ப்பது, டேபிளைத் திறந்து பார்ப்பது. வாடிக்கையாளரின் கணினிக்கே போய்ச் சேருபவை இன்னொன்று: டிரைவர் (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைப்பது), ஓஆர்எம் (நமக்காக எஸ்க்யூஎல் எழுதிக் கொடுக்கும் லைப்ரரி), மைக்ரேஷன் டூல் (டேபிள் அமைப்பைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவது), பிடிஎஃப் எழுதும் லைப்ரரி. முதல் குவியலை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. இரண்டாவதை மாற்றுவதென்றால் நான்கு ஊருக்கு வண்டி எடுக்க வேண்டும். பலர் முதல் குவியலுக்கு ஒரு வாரம் ஆராய்ச்சி செய்துவிட்டு, இரண்டாவதைப் பழக்கத்தில் இருப்பது எதுவோ அதை வைத்து முடித்துவிடுகிறார்கள்.

ஒரு சோதனை டேபிள் போதும்

எந்த ஓஆர்எம், எந்த டிரைவர் என்றாலும், எடுப்பதற்கு முன் ஒரு சின்ன டேபிள் அமைத்து, நீங்கள் ஆதரிக்கப் போகிற ஒவ்வொரு டேட்டாபேஸிலும் அந்த டூல் வழியாகவே எழுதி, அதன் வழியாகவே திரும்பப் படியுங்கள். ஊர்ப் பெயர், இனிஷியல், வண்டி எண், பிரிக்ஸ் அளவு (மாங்கூழின் இனிப்பு), தொகை, நேரம் என்று ஆறு ஃபீல்டு இருந்தால் போதும். ஆறும் ஆறு விதமாகக் காலை வாரும்.

ஊர்ப் பெயரில் தொடங்கலாம். நீளம் 30 என்று வைத்து 'தருமபுரி' என்று எழுதுங்கள். எல்லாவற்றிலும் ஏறும். அடுத்து 'கிருஷ்ணகிரி'. கண்ணுக்கு ஆறே எழுத்துதான். யூனிகோடில் கி, ரு, ஷ், கி, ரி ஒவ்வொன்றும் இரண்டு குறியீடு, ண ஒன்று, ஆக மொத்தம் 11. எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், எனவே 33 பைட். ஆரக்கிளில் வார்கேர்2 என்ற எழுத்து ஃபீல்டு வகைக்கு 30 நீளம் கொடுத்தால், வேறெதுவும் சொல்லாதவரை அது 30 பைட்டைத்தான் குறிக்கும். தருமபுரி 24 பைட்டில் உள்ளே போய்விடும். கிருஷ்ணகிரிக்கு ஓஆர்ஏ-12899 பிழை வரும். போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் 30 என்பதை எழுத்துக் குறியீடாக எண்ணும். எஸ்க்யூஎல் சர்வரின் யூனிகோட் எழுத்து வகையான என்வார்கேர் இரண்டு-பைட் ஜோடிகளாக எண்ணும். தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு ஒரு ஜோடி. எஸ்க்யூலைட் நீளத்தைக் கண்டுகொள்ளவே செய்யாது, முந்நூறு எழுத்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆகவே டேப்லெட்டில் ஏறிய பெயர் தலைமை அலுவலகத்து ஆரக்கிளுக்கு ஒத்திசைக்கும்போது திரும்பி வரும். தீர்வு எளிது: ஆரக்கிளில் நீள எண்ணுக்குப் பக்கத்தில் 'கேர்' என்று சேர்த்து டேபிளை உருவாக்க வேண்டும். கேள்வி என்னவென்றால், உங்கள் ஓஆர்எம் அதைத் தானாகச் சேர்க்கிறதா? டேபிள் உருவாக்க அது எழுதும் எஸ்க்யூஎல்லை அச்சிட்டுப் பாருங்கள். சேர்க்கும்படி சொல்ல வழியே இல்லாத டூல் என்றால், ஆரக்கிள் லோகோ இருந்தும் அது தமிழுக்கு ஆகாது.

எஸ்க்யூஎல் சர்வரில் இதே ஊர்ப் பெயர் வேறு மாதிரி சிக்கும். ஃபீல்டு என்வார்கேராக இருந்தும், எஸ்க்யூஎல் வரிக்குள் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் 'என்' எழுத்தைப் போடவில்லை என்றால் கேள்விக்குறி வரிசைதான் பதிவாகும். அது பதிவான பிறகு மீட்க வழியில்லை. மதிப்புகளை எஸ்க்யூஎல் வரிக்குள் கலக்காமல் தனியே, பாராமீட்டராக அனுப்பும் டூலில் இந்தத் தொல்லை வராது. மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முந்தைய பதிப்புகளில் வெறுமனே நிறுவிய சர்வரின் இயல்பு எழுத்துக் குறியீடு லத்தீன்1. 8.0 முதல் யூடிஎஃப்8எம்பி4. பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட் வரை மட்டும் தாங்கும். சாதாரணத் தமிழ் அதில் அடங்கிவிடும் என்பதால் பிரச்சினை வெளியே தெரியாது. யாராவது குறிப்புப் பெட்டியில் ஒரு எமோஜி போட்டவுடன் பதிவு விழும். (2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். பழைய நில ஆவணங்களை உள்ளிடும் வேலை வந்தால் அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இதே ஃபீல்டில் அடுத்த வரி 'போச்சம்பள்ளி', இரண்டு முறை. ஒருமுறை 'போ' என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக. இன்னொரு முறை, இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடாக. பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வரும் எக்செல் கோப்புகளில் இரண்டாவது வகை இருக்கும். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் போஸ்ட்கிரஸில், ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யுனிக் இன்டெக்ஸ் போட்டிருந்தாலும் இரண்டும் ஏறும். தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். இதை டேட்டாபேஸின் பொறுப்பில் விடாதீர்கள். போஸ்ட்கிரஸில் 13ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் ஃபங்ஷன் உண்டு, மற்றவற்றில் அதே பெயரில் எதிர்பார்க்க முடியாது. ஜாவா, டாட்நெட், பைத்தான் மூன்றிலும் என்எஃப்சி (சேர்த்த ஒரே குறியீடு) வடிவத்துக்கு மாற்றும் வசதி உள்ளது. டேட்டாபேஸுக்குப் போகும் ஒரே வாசலில், ஒரே ஒரு இடத்தில் மாற்றிவிடுங்கள். அப்படி ஒரு வாசல் வைக்க இடம் கொடுக்கிறதா என்பதும் ஓஆர்எம் தேர்வில் ஒரு கேள்வி. ஹைபர்னேட், இஎஃப் கோர், எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற மூன்று ஓஆர்எம்மிலும் இதற்கு வழி இருக்கிறது.

இனிஷியலுக்கு வருவோம். சிலருக்கு இனிஷியல் இருக்காது. ஆரக்கிளில் காலி எழுத்துச் சரம் என்பது நல்-தான் (மதிப்பே இல்லை என்ற நிலை), இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. மற்றவற்றில் வெவ்வேறு. இனிஷியல் ஃபீல்டுக்கு 'நாட் நல்' போட்டுக் காலியாக எழுதினால் போஸ்ட்கிரஸில் ஏறும், ஆரக்கிளில் ஏறாது. அதைவிட மோசமானது பெயரை ஒட்டுவது. இனிஷியலையும் பெயரையும் இரட்டைக் கோட்டுக் குறியால் சேர்த்து அச்சிடும்போது, இனிஷியல் நல் என்றால் ஆரக்கிளில் பெயராவது வரும்; போஸ்ட்கிரஸில் விவசாயியின் முழுப் பெயரும் மறைந்து நல் ஆகிவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் கூட்டல் குறியால் ஒட்டினாலும், மைஎஸ்க்யூஎல்லில் கான்கேட் ஃபங்ஷனால் ஒட்டினாலும் கதி அதுவே. போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டின் கான்கேட் ஃபங்ஷன் நல்லைக் காலியாக எடுத்துக்கொள்ளும். பெயர் ஒட்டுவதை எஸ்க்யூஎல்லில் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி.

வண்டி எண். 'டிஎன் 24' என்று பெரிய எழுத்திலும், அதையே ஆங்கிலச் சின்ன எழுத்திலும் அடித்துத் தேடிப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், எஸ்க்யூலைட் வேறு வேறாகப் பார்க்கும். விண்டோஸில் நான்கு சீசன் ஒழுங்காக ஓடிய எடைமேடை புரோகிராம், போஸ்ட்கிரஸுக்கு மாறிய வாரமே ஒரே லாரியை இரண்டு வண்டியாகக் காட்டுவது இதனால்தான். எழுதும்போதே இடைவெளியை நீக்கிப் பெரிய எழுத்தாக்கிவிட்டால் கிருஷ்ணகிரி 24, தருமபுரி 29, ஓசூர் 70 எதுவாக இருந்தாலும் சரியாக நிற்கும்.

பிரிக்ஸ் ஃபீல்டை முழு எண்ணாக வைத்து, இரண்டு சாம்பிள் 14, 15 என்று போட்டு, கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லும் 14.5 என்று சொல்லும். எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட் மூன்றும் 14 என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது, தரக் குறிப்பில் அரை பிரிக்ஸ் காணாமல் போயிருக்கும். வகுக்கும் எண்ணை 2.0 என்று எழுதினால் எல்லாம் ஒரே பதிலுக்கு வரும்.

தொகைக்கு எஸ்க்யூலைட்தான் பிரச்சினை. அதில் டெசிமல் என்று டைப் கொடுத்தாலும் உள்ளே தசமம் மிதவைப் புள்ளி எண்ணாகவே சேமிக்கப்படும். பால் கணக்கில் ஒரு லிட்டருக்கு விலை, கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) எல்லாம் தசமத்தில் வரும். பத்து நாள் பட்டுவாடாவைக் கூட்டினால் பைசா இடிக்கும். பைசாவை முழு எண்ணாக, எடையை கிராமாக, கொழுப்பைப் பத்தால் பெருக்கி வைத்துக்கொண்டால் ஐந்து டேட்டாபேஸிலும் ஒரே மொத்தம்.

கடைசி ஃபீல்டு நேரம். காலை 5:00 மணிக்குப் பால் ஊற்றியதாக ஒரு வரி எழுதுங்கள். வாடகை சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும். நமக்கு 5:00 என்றால் யூடிசியில் முந்தின நாள் இரவு 11:30. நேரத்திலிருந்து தேதியை சர்வரில் பிரித்தெடுத்தால், காலை 5:30க்கு முன் ஊற்றிய பால் எல்லாம் நேற்றைய கணக்கில் விழும். காலைப் பால் பாதி நேற்று, பாதி இன்று என்று பிரிந்து நிற்கும். மாலைப் பால் மட்டும் சரியாக இருக்கும். அதனால் ஒரு நாள் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது. நேரத்தை யூடிசியில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே 'சேகரிப்பு நாள்', 'வேளை' என்று இரண்டு தனி ஃபீல்டு வைத்து டேப்லெட்டிலேயே நிரப்பிவிடுங்கள். ஆரக்கிளின் டேட் டைப்பில் மணி நிமிடமும் சேர்ந்தே இருக்கும் என்பதையும், மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19 உடன் முடிகிறது என்பதையும் குறித்து வைக்கவும்.

பிழை வந்தபின் என்ன செய்கிறது?

மேலே சொன்னதெல்லாம் பதில் மாறுவது. நடத்தை மாறுவது இன்னும் தொல்லை.

"முதலில் இன்சர்ட் செய், ஏற்கெனவே இருந்தால் பிழை வரும், அதைப் பிடித்து அப்டேட் செய்" என்று பலர் எழுதியிருப்பார்கள். எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல்லில் இது பொதுவாக ஓடும். போஸ்ட்கிரஸில், சேர்ந்தே நிற்கவோ சேர்ந்தே விலகவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பான ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு வரி பிழையானால், ரோல்பேக் செய்து பின்வாங்கும்வரை அடுத்த எந்த வரியையும் ஏற்காது. நடுவில் சேவ்பாயின்ட் (திரும்பி வரும் இடம்) வைக்க வேண்டும், அல்லது 9.5 முதல் உள்ள, 'இருந்தால் அப்டேட் செய்' என்று ஒரே கட்டளையில் சொல்லும் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' எழுத வேண்டும். எஸ்க்யூலைட்டிலும் அதே போன்ற வசதி 3.24இல் வந்தது. ஆனால் ஆண்ட்ராய்டு 10 வரை கூடவே வருவது அதிகபட்சம் எஸ்க்யூலைட் 3.22, ஆண்ட்ராய்டு 11இல்தான் 3.28. அதாவது உங்கள் புதிய ஃபோனில் ஓடியது, பால் மையத்தின் பழைய டேப்லெட்டில் 'சின்டாக்ஸ்' பிழை தரும். எஸ்க்யூலைட்டை ஆப்போடு சேர்த்துக் கட்டி அனுப்பும் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தால் இந்த வம்பே இல்லை. ஆப்பின் அளவு சில எம்பி கூடும், அவ்வளவுதான்.

பூட்டு விஷயம். எஸ்க்யூஎல் சர்வர் இயல்பாக ரீட் கமிட்டட் முறையில் பூட்டு போட்டுப் படிக்கும். முதலாளி மாடியில் சீசன் மொத்த ரிப்போர்ட்டைத் தட்ட, கீழே எடைமேடைப் பதிவு நிற்கும், அல்லது நேர்மாறாக. போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் 'ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்' என்ற அமைப்பை ஆன் செய்தால் அதுவும் அந்த வழிக்கு வரும். அதை மாற்றும் நேரத்தில் அந்த டேட்டாபேஸில் வேறு இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது, டெம்ப்டிபி என்ற தற்காலிகச் சேமிப்பிடம் கொஞ்சம் பெருக்கும். சீசன் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டிய வேலை. எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், அதைப் பல பேர் பகிரும் சர்வராக நினைக்காதீர்கள்.

மொத்தமாகப் பதிவு ஏற்றும்போது வரும் எல்லைகளையும் டூல் கவனிக்கிறதா பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு கட்டளைக்கு 2,100 பாராமீட்டர் வரைதான். 12 ஃபீல்டு உள்ள டேபிளில் 200 வரியை ஒரே இன்சர்ட்டாகக் கட்டினால் 2,400 ஆகிவிடும். ஆரக்கிளில், 23ஏஐ-க்கு முந்தைய பதிப்புகளில், 'இன்' பட்டியலுக்குள் 1,000 மதிப்புக்கு மேல் போனால் ஓஆர்ஏ-01795. போஸ்ட்கிரஸில் பாராமீட்டர் எல்லை 65,535. இஎஃப் கோர் போன்றவை தாமே துண்டு துண்டாக அனுப்பும். நீங்களே எஸ்க்யூஎல் கட்டுகிற இடத்தில் இது உங்கள் பொறுப்பு. சோதனையில் 50 வரி வைத்துப் பார்ப்பதால் யார் கண்ணிலும் படாது. ஜூன் மாத நடுவில் லாரி வரிசை கட்டி நிற்கும்போதுதான் படும்.

மைக்ரேஷன் டூல்

என் கணக்கில் ஓஆர்எம்-ஐ விட இதன் தேர்வுதான் கனமானது. பத்து இடத்தில் பத்து பதிப்பு ஓடும்போது, எந்த இடத்தில் எந்த டேபிள் எப்படி இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைக்க முடியாது.

முதலில் தெரிய வேண்டியது: டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளை போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து, பிழை வந்தால் பின்வாங்கும். ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் தாமாகவே கமிட் செய்துவிடும். ஐந்து மாற்றம் உள்ள ஒரு ஸ்கிரிப்ட் மூன்றாவதில் விழுந்தால், முதல் இரண்டும் நிலைத்துவிடும். மறுபடி ஓட்டினால் "இந்த ஃபீல்டு ஏற்கெனவே உள்ளது" என்று முதல் வரியிலேயே நிற்கும். எந்த டூலாலும் இதை மாற்ற முடியாது. எனவே ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று வையுங்கள். பார்க்கச் சில்லறையாக இருக்கும், விழுந்தால் எழுப்புவது சுலபம்.

ஃப்ளைவே என்ற மைக்ரேஷன் டூலில் எஸ்க்யூஎல் கோப்புகளை நீங்களே எழுதுவீர்கள். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி ஃபோல்டர் வைக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் பாதியில் விழுந்த மாற்றத்தை அது 'தோல்வி' என்று தன் வரலாற்று டேபிளில் எழுதிவைத்துக்கொண்டு மேலே போக மறுக்கும். பாதி நடந்ததைக் கையால் சரிசெய்து 'ரிப்பேர்' கட்டளை கொடுக்க வேண்டும். இன்னொரு டூலான லிக்விபேஸில் மாற்றத்தை எக்ஸ்எம்எல் அல்லது யாம்லில் ஒருமுறை எழுதினால், அதுவே ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் உரிய எஸ்க்யூஎல்லாக மாற்றும். மூன்று, நான்கு டேட்டாபேஸை உண்மையிலேயே தாங்க வேண்டும் என்றால் லிக்விபேஸ். இரண்டுதான் என்றால் ஃப்ளைவேயும் இரண்டு ஃபோல்டரும். எழுதியது அப்படியே ஓடுகிறது என்கிற தெளிவு இரண்டாவதில் அதிகம்.

லிக்விபேஸுக்கு ஒரு குணம் உண்டு. ஓடத் தொடங்கும்போது பூட்டுக்கென்று வைத்திருக்கும் டேபிளில் ஒரு வரியைப் 'பூட்டியது' என்று குறித்து, முடிந்ததும் அந்தக் குறியை எடுக்கும். நடுவில் கரண்ட் போனால் அந்தக் குறி அப்படியே கிடக்கும். அடுத்த முறை புரோகிராமைத் திறந்தால் பூட்டுக்காகக் காத்திருப்பதாகச் செய்தி காட்டி, வழக்கமாக 5 நிமிடம் கழித்துக் கைவிட்டுவிடும். வேறு யாரும் ஓட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு 'ரிலீஸ் லாக்ஸ்' கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். யுபிஎஸ் பேட்டரி தேய்ந்த ஆலைகளில் இதை ஃபோனிலேயே சொல்லிக் கொடுக்கும்படி ஒரு சிறு பொத்தானாகப் புரோகிராமில் வைத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே ஓடி முடிந்த மாற்றக் கோப்பைத் திருத்தாதீர்கள், கோப்பின் சரிபார்ப்பு எண் (செக்சம்) ஒத்துப் போகாமல் இரண்டு டூலுமே நிற்கும். திருத்தம் என்றால் புதிய கோப்பு.

இஎஃப் கோர் மைக்ரேஷன் ஒரு சமயத்தில் ஒரு டேட்டாபேஸுக்கு மட்டுமே உருவாகும். இரண்டுக்கு இரண்டு தொகுப்பு தேவை, தனித்தனி புராஜெக்டில் வைப்பது வழக்கம். பைத்தானின் ஜாங்கோவில் போஸ்ட்கிரஸ், மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட் ஐந்தும் உள்ளேயே வருகின்றன. எஸ்க்யூஎல் சர்வருக்கு மைக்ரோசாஃப்டின் தனிப் பொதி வேண்டும், அது ஜாங்கோவின் புதிய பதிப்புகளுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். ஜாவாவில் ஜூக் அருமையான லைப்ரரி, ஆனால் அதன் இலவசப் பதிப்பில் ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும் கிடையாது. கொட்டேஷன் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

பெயர் நீளம், எழுத்து: போஸ்ட்கிரஸ் 63 பைட்டுக்கு மேல் உள்ள பெயரை வெட்டிவிட்டு ஒரு குறிப்பு மட்டும் காட்டும். ஆரக்கிள் 12.1 வரை 30 பைட்தான். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் பெயரின் பெரிய எழுத்து சின்ன எழுத்து விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறு; 8.0இல் இந்த அமைப்பை நிறுவும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. டேபிள், ஃபீல்டு பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்து, அடிக்கோடு, 30க்குள் என்று வைத்துக்கொண்டால் எங்கேயும் இடிக்காது.

டிரைவரும் இயங்குதளமும்

எஸ்க்யூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவர் 18இலும், டாட்நெட் டிரைவரின் 4.0 முதலும், இணைப்பு இயல்பாகவே என்கிரிப்ட் ஆகும். ஆலையின் சர்வரில் முறையான சான்றிதழ் இருக்காது. 17இல் ஓடிய அதே இணைப்பு வரி 18இல் "நம்பத்தகாத சான்றிதழ்" என்று விழும். உள் நெட்வொர்க் என்றால் சான்றிதழை நம்பச் சொல்லும் அமைப்பைச் சேர்க்கலாம், இணையம் வழியாகப் போகிற இணைப்புக்கு அது கூடாது. பைத்தானின் புதிய ஆரக்கிள் டிரைவர், கிளையன்ட் நிறுவாமலே 'தின்' முறையில் ஓடும், ஆனால் எதிரில் 12.1 அல்லது அதற்குப் பிந்தைய டேட்டாபேஸ் வேண்டும். இன்னும் 11ஜி ஓட்டும் கம்பெனி என்றால் இன்ஸ்டன்ட் கிளையன்ட்டைத் தனியாக நிறுவியே ஆக வேண்டும்.

ஜாவாவின் ஜேடிபிசி டிரைவர் வழியாக எஸ்க்யூஎல் சர்வருக்கு எழுத்து மதிப்பு எல்லாம் யூனிகோடாகவே போகும். வண்டி எண் ஃபீல்டு சாதாரண வார்கேராக இருந்தால், டைப்பை மாற்றி ஒப்பிட வேண்டியதாகி, கொலேஷனைப் பொறுத்து இன்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளையும் அலசும். லட்சம் வரி வந்தபின்தான் மெதுவாகும். ஃபீல்டையும் என்வார்கேர் ஆக்குங்கள், இல்லையேல் இணைப்பு வரியில் அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது டேட்டாபேஸை விட பில் அச்சிடும் பகுதிதான் முதலில் உடையும். டாட்நெட்டில் பார்கோடு, லோகோ வரைய எல்லோரும் பயன்படுத்திய சிஸ்டம் டிராயிங் காமன், டாட்நெட் 7 முதல் விண்டோஸுக்கு மட்டும்தான். ஸ்கியாஷார்ப் போன்றதற்கு மாற வேண்டும். லினக்ஸ் சர்வரில் தமிழ் எழுத்துரு இயல்பாக இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவவில்லை என்றால் பிடிஎஃப் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்தும், எழுத்துகளை அடுக்கும் திறன் லைப்ரரியில் இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கெலமங்கலம்', 'தொப்பூர்', 'ஸ்ரீ' மூன்றையும் ஒரு பிடிஎஃப்பில் அச்சிட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸ் அடிப்படையில் ஓடும் லைப்ரரி, அல்லது திரையில்லாமல் ஓடும் குரோமியம் மூலம் எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்குவது, இரண்டும் தமிழைச் சரியாக அடுக்கும். குரோமியத்துக்கு நினைவகம் அதிகம் வேண்டும், 1 ஜிபி வாடகை சர்வரில் மூச்சுத் திணறும்.

மேஜை மேல் இருப்பவை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேட்டாபேஸைத் திறந்து பார்க்க டிபீவர் இலவசப் பதிப்பு மேலே சொன்ன ஐந்துக்கும் போதும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அது டிரைவரை இணையத்திலிருந்து இறக்கும் என்பதால், இணையம் இல்லாத ஆலைக்குப் போகும் முன் ஜார் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் உண்மை டேட்டாபேஸுக்கான இணைப்பில் நிறத்தைச் சிவப்பாக்கி, ஆட்டோ-கமிட்டை நிறுத்தி வைக்கவும். எஸ்க்யூஎல் சர்வரின் பேக்கப், அனுமதி வேலைக்கு மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்எம்எஸ் இன்னும் தேவை, அது விண்டோஸில் மட்டும். அஸூர் டேட்டா ஸ்டுடியோவைப் பல தளத்திலும் ஓடும் மாற்று என்று நம்பிப் பலர் மாறினார்கள். 2026 பிப்ரவரி 28 உடன் அதன் ஆதரவை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் 2025இல் அறிவித்துவிட்டது. மேஜை டூல் என்பதால் நஷ்டம் பெரிதில்லை.

சோதனைக் களம்

ஜாவாக்காரர்கள் சோதனைக்கு எச்2 என்ற சின்ன டேட்டாபேஸை ஆரக்கிள் மாதிரி, போஸ்ட்கிரஸ் மாதிரி நடிக்கச் சொல்லி ஓட்டுவார்கள். மேலே சொன்ன வேறுபாடுகளில் பாதியை அது பிடிக்காது. உண்மையான டேட்டாபேஸை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள், அதாவது கன்டெய்னரில், ஓட்டும் கருவி) ஏற்றி ஓட்டுங்கள், டெஸ்ட்கன்டெய்னர்ஸ் இருந்தால் சோதனை முடிந்ததும் தானே கலைந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வர் கன்டெய்னருக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும், ஆரக்கிளின் இலவசப் பதிப்பும் 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டவும். டாக்கர் டெஸ்க்டாப், 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கு இலவசம். நம் பக்கத்துச் சின்ன நிறுவனங்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

வாடிக்கையாளரிடம் கொட்டேஷன் கொடுக்கும் முன் ஐந்து விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: டேட்டாபேஸின் சரியான பதிப்பு எண், எடிஷன், எழுத்துக் குறியீடும் கொலேஷனும், சர்வரின் நேர மண்டலம், டேபிள் உருவாக்க நமக்கு அனுமதி உண்டா என்பது. எக்ஸ்பிரஸ் எடிஷன் என்றால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான், 2025 பதிப்பில் 50 ஜிபி. அதில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, ஆகவே இரவு பேக்கப்பை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில்தான் வைக்க வேண்டும். லாரி, பழக் குவியல் படங்களை டேபிளுக்குள் போடாமல் ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் எழுதினால் 10 ஜிபியே பல சீசனுக்கு வரும்.

இன்னொரு டேட்டாபேஸையும் தாங்கச் சொல்லிக் கேட்டால், அதற்குத் தனி விலை போடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் சோதனை, மைக்ரேஷன், பேக்கப் முறை எல்லாம் இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும், அந்த வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. விலையைப் பார்த்ததும் பாதிப் பேர், நீங்கள் சொல்லும் டேட்டாபேஸையே வைத்துக்கொள்கிறோம் என்பார்கள்.